அம்பாசிடரில் இறுகிப்போன மேனிஃபோல்டு நட்டைக் கழற்ற

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி தருமபுரிக்கு வந்து நிற்கிற பழைய அம்பாசிடரின் பானட்டைத் திறந்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சின் புகையை வாங்கி வெளியே அனுப்புகிற இரும்புக் குழாய்) பக்கம் சூட்டில் கையே கொண்டுபோக முடியாது. வருஷக்கணக்கில் இப்படிக் காய்ந்து ஆறியதில் நட்டும், அது ஏறியிருக்கிற ஸ்டட்டும் (எஞ்சினில் பதித்த மரைக் கம்பி) ஒட்டிப்போயிருக்கும். ஓரத்து நட்டுகள் எப்படியும் வந்துவிடும். கார்புரேட்டருக்கு அடியில் மறைந்திருக்கிற நடு நட்டுதான் ஆளைப் படுத்தும்.

முதலில் கார்புரேட்டரைக் கழற்றுங்கள். அந்த வேலையை மிச்சம் பிடிக்க ஓப்பன் ஸ்பேனரைச் சாய்வாக நுழைத்தவர்கள்தான், நட்டின் முனையை மழுக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பேட்டரி வயரை எடுத்துவிட்டு, பெட்ரோல் பைப்பை அடைத்துக் கட்டுங்கள்.

அப்புறம் அளவு. பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது, அதில் எல்லாம் இன்ச் கணக்கு. இந்த நட்டு அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. 13 மி.மீ. சாக்கெட்டும் உட்காரும், ஆனால் துருவில் இளைத்த நட்டை மழுக்க அந்த 0.3 ஆட்டமே போதும். ஆறு முனை இன்ச் சாக்கெட்தான் வேண்டும். கூடவே நீள எக்ஸ்டென்ஷனும் யூனிவர்சல் ஜாயிண்டும்.

வெளியே தெரிகிற மரையை ஒயர் பிரஷால் தேய்த்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது துருவை இளக்குகிற ஆயில் அடியுங்கள். சாயங்காலம் ஒரு தரம், காலையில் ஒரு தரம். நடுவே நீளக் கம்பியை நட்டின்மேல் வைத்து, சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில் துரு வெடித்து ஆயில் உள்ளே இறங்கும்.

இனி எல்லாம் கைதான். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்து, பிறகு கழற்றுகிற பக்கம் திருப்புங்கள். ‘டக்’ என்று விட்டால் நட்டு அசைந்துவிட்டது. கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, ஆயில், மறுபடியும் வெளியே. இதில் அவசரமே கூடாது. ரப்பரை முறுக்குகிற மாதிரி கைக்கு நெகிழ்ந்தால் உடனே நிறுத்துங்கள்: முறுகுவது ஸ்டட். இன்னும் பிடித்தால் ஒடிந்து, அது பதிந்திருக்கிற எஞ்சின் ஹெட்டுக்குள் நின்றுவிடும்.

அசையவே இல்லையா, சூடு காட்டுங்கள். ஆயிலையும் பெட்ரோல் ஈரத்தையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேஸ் டார்ச்சை நட்டின்மேல் மட்டும் பிடியுங்கள். சூடு சற்றுத் தணிந்ததும் மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொட்டால், மெழுகு உருகி உள்ளே ஓடும். எனக்கு ஆயிலைவிட இதில்தான் நம்பிக்கை அதிகம். அதற்கும் மசியாவிட்டால் நட்டை உளியால் பிளந்துவிடுங்கள். நட்டு போனால் போகட்டும், ஸ்டட்டைக் காப்பாற்றுங்கள்.

திரும்பப் பூட்டும்போது பித்தளை நட்டு போட்டு, மரையில் காப்பர் கிரீஸ் தடவுங்கள். பித்தளை இரும்போடு துருப்பிடித்து ஒட்டாது. வண்டியை ஒரு தரம் நன்றாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.