உயிரினப் படிநிலைகளை நிரலில் அமைக்கும் முறை

கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையையும் வரித்தலை வாத்தையும், களக்காடு முண்டந்துறைக் காட்டில் சிங்கவால் குரங்கையும் கண்டு பதிவு செய்பவர்கள் பலரும், பாடநூலில் படித்த உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் ஆகிய ஏழையும் ஏழு பத்திகளாகக் கொண்ட அட்டவணையைத்தான் முதலில் அமைக்கிறார்கள். பறவைகளோடு நிற்கும்வரை அது ஓரளவு போதும். சிங்கவால் குரங்கின் குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் நடுவே துணைக்குடும்பமும் குலமும் வந்து நிற்கும்போது அவற்றுக்கு அங்கே இடமிருக்காது.

எனவே ஒரு குடும்பம், ஒரு பேரினம் என ஒவ்வொரு வகைப்பாட்டு அலகையும் தனிப் பதிவாக்கி, அதில் எண், பெயர், படிநிலை, தாய் அலகின் எண் என நான்கு புலங்களை மட்டும் வையுங்கள். படிநிலை என்பது அலகின் மேல் ஒட்டிய அடையாளம். அந்த அலகு எதற்குள் அடங்கும் என்பதைத் தாய் எண்தான் சொல்ல வேண்டும்.

படிநிலைகளைப் பைத்தான் நிரல்மொழியில் 'இன்ட்எனம்' (IntEnum) வகையாக, அதாவது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முழு எண் கொண்ட பட்டியலாக, ஓரிடத்தில் எழுதலாம். சாதாரண 'எனம்' (Enum) பட்டியலின் உறுப்புகளைப் பெரிது சிறிது என ஒப்பிட முடியாது என்பதால் இதைப் பரிந்துரைக்கிறேன். உலகத்துக்கு 10, தொகுதிக்கு 20 என இடைவெளி விட்டு எண் கொடுத்தால், குடும்பம் 50, பேரினம் 60 என்று அமையும். துணைக்குடும்பத்தை 53 எனவும் குலத்தை 56 எனவும் பின்னர் நுழைக்கலாம். கோப்பில் சேமிக்கும்போது இந்த எண்ணை எழுதாமல் படிநிலையின் பெயரை எழுதுங்கள். எண்கள் என்றேனும் மாறினாலும் பழைய கோப்புகள் கெடாது.

சரிபார்ப்புக்கு ஒரே விதி: சேய் அலகின் படிநிலை எண் தாய் அலகின் படிநிலை எண்ணைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அடுத்த படியாகவே இருக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது. ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் அடங்கிய அம்னியோட்டா போன்று படிநிலையே இல்லாத கிளைகளும் உண்டு. அவற்றின் புலத்தை வெறுமையாக விட்டு, மேலே படிநிலையுள்ள மூதாதை கிடைக்கும்வரை ஏறிச் சென்று ஒப்பிடுங்கள்.

1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் சிங்கவால் குரங்கைச் சிமியா பேரினத்தில் வைத்தார். இன்று அது மக்காக்கா பேரினத்தில் இருக்கிறது. இத்தகைய மாற்றம் வரும்போது அலகின் பெயரையும் தாய் எண்ணையும் மட்டும் திருத்தினால் போதும். அதன் சொந்த எண் மாறாததால், முண்டந்துறையில் எடுத்த குறிப்புகள் அனைத்தும் அதனோடு இணைந்தே இருக்கும். பெயரை அடையாளமாக நம்புவது வேறொரு வகையிலும் தவறு: மோரஸ் என்பது மல்பெரிச் செடியின் பேரினம், கடற்பறவை ஒன்றின் பேரினமும் அதுவே.