நெத்திலி மாதிரி ஒரு ஃப்ளை: முதல்முறை கட்டுபவர்களுக்கு

ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் முடியும் நூலும் கட்டி, பூச்சி மாதிரியோ சின்ன மீன் மாதிரியோ செய்யும் போலி இரை. ட்ரவுட் மீனுக்கான ஈசல் அளவு ஃப்ளையில் ஆரம்பித்தால் ஒரே வாரத்தில் வெறுத்துவிடும். எண்ணூர் கழிமுகத்தில் கொடுவாவும் பாரையும் துரத்துவது பூச்சியை இல்லை, சின்ன மீனை. அதனால் முதலில் சின்ன மீன் மாதிரி இருக்கும் கிளவுசர் மின்னோ என்ற ஃப்ளையைக் கட்டுங்கள். பென்சில்வேனியாக்காரர் பாப் கிளவுசர் 1980-களில் ஆற்று பாஸ் மீனுக்காக உருவாக்கியது, இன்றைக்குக் கடலிலும் வீசுகிறார்கள். பெரிய முள், ரெண்டே கொத்து முடி, அவ்வளவுதான்.

காசிமேட்டில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் 1/0 முள் கேளுங்கள், துருப்பிடிக்காத ஸ்டீல், நரம்பு கோக்கக் காது (ஓட்டை) வைத்தது. தட்டைத் தலை முள் கொடுத்தால் வேண்டாம். 8, 6, 4 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும், ஆனால் 1/0-க்கு அப்புறம் 2/0, 3/0 என்று ஏற ஏறத்தான் பெரிது, அங்கேதான் பலர் குழம்புவார்கள். ஜிகினா இழைக்கு சௌகார்பேட்டை நாராயண முதலி தெரு. மான் வால் முடி தேடி அலைய வேண்டாம், மெல்லிய இழை உள்ள வெள்ளை நைலான் கயிறு ஒரு சாண் வெட்டி, முறுக்கைப் பிரித்து, பேன் சீப்பால் நாலு தடவை வாரினால் பட்டு மாதிரி பிரிந்து வரும். பச்சைக் கயிறும் கொஞ்சம் வேண்டும். கண்ணுக்கு, சாவிக்கொத்தின் மணிச் சங்கிலியிலிருந்து சேர்ந்தாற்போல ரெண்டு மணி. முள்ளை அசையாமல் பிடிக்கும் சின்ன வைஸ், பாலியெஸ்டர் நூல், நிறமில்லாத நெயில் பாலிஷ்.

முதலில் முள்முனைக்குப் பக்கத்தில் எதிராக நீட்டியிருக்கும் குட்டி முள்ளை இடுக்கியால் அழுத்திப் படிய வையுங்கள், விரலில் ஏறினாலும் சுலபமாக வந்துவிடும். முள்ளை வைஸில் மாட்டி, நூலை அதன் மேலேயே ஆறு சுற்று சுற்றினால் நின்றுகொள்ளும். முள்ளின் நேரான தண்டில் காதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, மேல்பக்கம் மணிகளை வைத்து எட்டு போடுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பத்து சுற்று. நூல் அறுவதற்குச் சற்று முன்புவரை இழுக்க வேண்டும், அந்த இழுப்பு எவ்வளவு என்று கைக்குத் தெரிய நாலைந்து முறை நூல் அறுந்தே ஆக வேண்டும், பரவாயில்லை, அறுந்து போகட்டும்.

அடுத்து வெள்ளை இழை. தீக்குச்சி கனம் போதும், நீளம் முள்ளைப்போல ரெண்டு மடங்கு. மணிகளுக்கு முன்னால் கட்டி, நடுவே படுக்கவிட்டு, பின்னாலும் ஒரு கட்டு. இப்போது முள்ளைத் தலைகீழாகத் திருப்பி, நாலு ஜிகினா இழை, அதன்மேல் பச்சை, ரெண்டையும் மணிக்கு முன்னால் மட்டும் கட்டுங்கள். மணியின் கனத்தால் தண்ணீரில் முனை மேலே பார்த்துத்தான் போகும், சிப்பிப் பாறையிலும் அலையாத்தி வேரிலும் அவ்வளவாக மாட்டாது. வெள்ளை வயிறு, பச்சை முதுகு, நடுவில் வெள்ளிக்கோடு, நெத்திலியேதான்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் முடியை அள்ளி வைத்துக் காதை அடைத்துவிடுவார்கள், கடைசியில் முடிச்சுப் போட இடமே இருக்காது. காதுக்குப் பின்னால் ஒரு அரிசி நீளம் காலியாக விடுங்கள். முடிச்சுக்கு ரீஃபில் எடுத்த பால்பாயின்ட் பேனாவின் நுனி போதும்: அதில் நூலை ஒரு வளையம் சுற்றி, நுனியைக் காதில் வைத்து வளையத்தைத் தள்ளி இறுக்க வேண்டும். மூன்று முறை. மேலே நெயில் பாலிஷ்.

காய்ந்ததும் பக்கெட் தண்ணீரில் போட்டு இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சாய்ந்தால் மணி நேராக உட்காரவில்லை, பிளேடால் வழித்து மறுபடி கட்டுங்கள். அதே அளவில் பத்து கட்டிய பிறகு நிறத்தை மாற்றலாம்.