முன்பதிவு பட்டனை அமுக்குவதற்கு முன்னால்: புதுக் கேமராவையும் டெலி லென்ஸையும் எடைபோடுவது எப்படி

அதிக மெகாபிக்சல் கேமரா ஒன்றும், கூடவே தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் நீளமான டெலி லென்ஸ் ஒன்றும் அறிவிக்கப்பட்டால் போதும், படம் எடுக்கிறவர்கள் அன்றைக்கே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். 2019 ஜூனில் சோனி 200-600 எம்.எம். லென்ஸை அறிவித்து, அடுத்த மாதமே 61 மெகாபிக்சல் ஏ7ஆர் 4 கேமராவைக் கொண்டுவந்தபோதும் அப்படித்தான். 2020 ஜூலையில் கேனான் 45 மெகாபிக்சல் ஆர்5-ஐயும் 100-500 லென்ஸையும் ஒரே நாளில் காட்டியபோதும் அப்படித்தான். ஒருவர் "இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்" என்பார், இன்னொருவர் "இவ்வளவு மெகாபிக்சல் யாருக்கு வேண்டும், லென்ஸ் எஃப் 7.1-ஆ, வெளிச்சமே போதாதே" என்பார். (எஃப் எண் கூடக்கூட லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறையும்.) இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் உங்களைப் பற்றிப் பேசவில்லை.

அதனால் முதல் வேலை, பேசுகிறவர் என்ன படம் எடுக்கிறவர் என்று கண்டுபிடிப்பது. ஆர்5 வந்த முதல் சில வாரங்களில் பேச்சு முழுக்க 8கே வீடியோ எடுத்தால் கேமரா சூடாகி நின்றுவிடுகிறது என்பதைப் பற்றித்தான். வீடியோ எடுப்பவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை, மரத்தடியில் பறவைக்காகக் காத்திருப்பவருக்கு அது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதேபோல ஒரு திருமணத்துக்கு 2,000 படம் எடுக்கிறவர் 61 மெகாபிக்சல் பெரிய சுமை என்றால் நம்புங்கள்: சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் சுருக்காத ரா ஃபைல் ஒன்று சுமார் 120 எம்.பி., மொத்தம் 240 ஜி.பி. ஆகிவிடும். அவர் கணக்கு சரி, உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

சரி, உங்கள் கணக்கை எப்படிப் போடுவது? போன ஒரு வருடத்தில் நீங்கள் எடுத்து, பிடித்துப்போய் வைத்திருக்கும் 100 படங்களைத் திறந்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு க்ராப் செய்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பாதிக்கு மேல் வெட்டியே ஆகவேண்டியிருந்த படங்கள் நிறைய இருந்தால் மெகாபிக்சல் உங்களுக்கு உதவும். வெட்டாமலேயே போட்டவை என்றால், 4கே திரை முழுவதற்கும் 8.3 மெகாபிக்சல் போதும், ஏ3 அளவில் 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுக்குக்கூட சுமார் 17.4 போதும். இந்த இடத்தில் நிறைய பேர் ஏமாறுவது ஒரு எண்ணில்தான். 24-லிருந்து 61 என்றால் இரண்டரை மடங்கு மாதிரித் தெரியும், ஆனால் அகலவாக்கில் 6,000 பிக்சல் 9,504 ஆகிறது, அதாவது சுமார் 1.6 மடங்குதான். 400 எம்.எம். லென்ஸ் வைத்திருப்பவருக்கு அது கிட்டத்தட்ட 630 எம்.எம். லென்ஸை வாங்கின மாதிரி, அதற்கு மேல் இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 20 மீட்டர் தள்ளி ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது, அதன் கண் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 எம்.எம். லென்ஸ் அந்தக் கண்ணை சென்சாரில் (படம் பதியும் சில்லில்) 0.15 மில்லிமீட்டராக விழவைக்கும். 24 மெகாபிக்சல் சென்சாரில் அது 25 பிக்சல் அகலம், 61-ல் 40 பிக்சல். 25 பிக்சலில் கண் ஒரு கரும்புள்ளி, அதில் ஒரு வெள்ளைப் பொட்டு. 40-ல் அந்தப் பொட்டுக்கு ஒரு வடிவம் வருகிறது, கண்ணைச் சுற்றியுள்ள வளையம் தனியாகப் பிரிகிறது. எனக்கு இந்த வித்தியாசம் பெரிது, இதற்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பேன். ஆனால் பறவை 10 மீட்டரில் வந்து உட்கார்ந்தால் பழைய கேமராவிலேயே 50 பிக்சல் கிடைக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

அடுத்து, எப்போதும் கேட்கும் புகார்: "மெகாபிக்சல் கூடினால் கை நடுக்கம் அதிகமாகத் தெரியும்." இது பாதி உண்மை. பழைய, புதிய இரண்டு கேமராவின் படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டால் நடுக்கம் ஒன்றேதான், புதுக் கேமரா உங்களை மோசமாக்குவதில்லை. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் அது கண்ணில் படுகிறது. ஆனால் கூடுதல் பிக்சலின் பலன் முழுதாக வேண்டுமென்றால் ஷட்டர் வேகத்தையும் அதே 1.6 மடங்கு கூட்டவேண்டும், 1/1000-ல் எடுத்துக்கொண்டிருந்தவர் 1/1600-க்குப் போகவேண்டும். "8 ஸ்டாப் நடுக்கக் கட்டுப்பாடு" என்ற விளம்பரத்தை நம்பி வேகத்தைக் குறைக்காதீர்கள். (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வித்தியாசம்.) ஆர்5-க்குச் சொன்ன அந்த 8, 24-105 மாதிரியான லென்ஸோடு வரும் கணக்கு, 100-500 மாட்டினால் கேனானே சொல்வது 6. குவியத்தூரம் (லென்ஸின் எம்.எம். எண்) நீள நீள, அதே நடுக்கத்தைச் சரிசெய்ய சென்சார் அதிக தூரம் நகரவேண்டியிருக்கிறது, அதற்கு ஓர் எல்லை உண்டு. பறவையின் அசைவை எந்த ஸ்டாப்பும் நிறுத்தாது.

லென்ஸ் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் வாய்) பற்றிய சண்டைக்கும் கணக்கு இருக்கிறது. எஃப் 4-க்கும் எஃப் 6.3-க்கும் இடையே ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று அதிகம், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன், கூடினால் படத்தில் புள்ளிகளும் கூடும்) 3200-ல் முடிந்த வேலை 8000-க்குப் போகும். உங்கள் பழைய படங்களில் ஐ.எஸ்.ஓ. என்ன என்று பாருங்கள், பெரும்பாலும் 800-க்குள் என்றால் இந்தச் சண்டையில் நீங்கள் தலையிடவே வேண்டாம். காட்டுக்குள்ளே, விடியற்காலையில், ஏற்கெனவே 6400-ல் எடுப்பவராக இருந்தால் கவலைப்படுங்கள். அப்புறம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வைத்து 1.4 மடங்கு பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டர் மாட்டுகிற எண்ணம் இருந்தால் எஃப் 6.3 லென்ஸ் எஃப் 9 ஆகிவிடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பில் பெரும்பாலும் சத்தமாகச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: சென்சார் மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது. ஏ7ஆர் 4 மாதிரியானவற்றில், திரை எதுவும் நகராமல் சென்சாரை மட்டும் வைத்து வேலைசெய்யும் எலக்ட்ரானிக் ஷட்டருக்குச் சுமார் 1/10 நொடி ஆகும். அதற்குள் சிறகு கீழே வந்துவிடும், படத்தில் சிறகு ரப்பர் மாதிரி வளைந்திருக்கும். அந்தக் கேமராவில் பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டர்தான். 2021-ல் வந்த நிக்கான் இசட்9 மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாமல் வந்ததென்றால், அதன் சென்சார் அவ்வளவு வேகமாகப் படிப்பதால்தான். ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பதைவிட இதைத்தான் முதலில் தேடுவேன்.

நிறுவனம் வெளியிடும் மாதிரிப் படங்களை நல்ல வெளிச்சத்தில், பக்கத்திலிருந்து எடுத்தவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் கூர்மையைக் காட்டும் எம்.டி.எஃப். வரைபடமும் பல நிறுவனங்களில் கணினியில் கணக்கிட்டதுதான், லென்ஸை அளந்தது இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு லென்ஸ்களை ஒப்பிட அது உதவும், வேறு நிறுவனத்தோடு ஒப்பிட உதவாது.

கடைசியில் நம்பக்கூடியது உங்கள் கை மட்டும்தான், ஆகவே இரண்டு நாள் வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கிப் பாருங்கள். ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். ஒருமுறை இரவல் வாங்கின 600 எம்.எம். லென்ஸில், நண்பகலில், ஏரிக்கு அக்கரையில் நின்ற கூழைக்கடாக்களை எடுத்தேன். ஒரு படம்கூட கூர்மையாக இல்லை, இறகு எல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி. லென்ஸ் சரியில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கு அதே இடத்தில் அதே லென்ஸில் அலகின் கீழ்ப் பையில் ஓடும் நரம்புவரை தெரிந்தது. முதல் நாள் நான் எடுத்தது கானலை. சூடான நிலத்துக்கும் தண்ணீருக்கும் மேலே காற்று நெளிந்தால் எந்த லென்ஸும் தோற்கும், மெகாபிக்சல் கூடக்கூட அந்த நெளிவுதான் தெளிவாகப் பதியும்.

அதனால் காலையில் போங்கள். 15-20 மீட்டரில் அசையாத ஒன்றை, மரப்பட்டையோ எழுத்துள்ள பலகையோ, ட்ரைபாடில் வைத்து முழு அப்பர்ச்சரிலும் ஒரு ஸ்டாப் குறைத்தும் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடித்துப் பத்துப் படம். பத்தில் எத்தனை கூர்மை என்பதுதான் விடை, மிகச் சிறந்த ஒன்று இல்லை. பிறகு முன்பக்கம் மாட்டிய பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி எடுங்கள், நீளமான லென்ஸில் மலிவான ஃபில்டர் படத்தைக் கெடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்புறம் ட்ரைபாடை ஓரமாக வைத்துவிட்டு, லென்ஸைக் கண்ணருகே தூக்கிப் பிடித்துப் பத்து நிமிடம் நில்லுங்கள். சோனியின் 200-600 மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல், கேமரா தனி. ஆறாவது நிமிடத்தில் கை இறங்கினால் ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாடையும் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து, அந்த ரா ஃபைல்களில் 200-ஐ உங்கள் கணினியில் ஏற்றி, புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் குறைப்பை ஓடவிட்டு, எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். புதுக் கணினியும் வேகமான மெமரி கார்டும் தேவைப்படுமா என்பது அப்போது தெரிந்துவிடும், அதையும் கேமரா விலையோடு கூட்டிய பிறகு முன்பதிவுப் பக்கத்தைத் திறங்கள்.