குடும்பத்தில் மறதி நோய் இருந்தால், கிளாஸை எப்படி அளப்பது?

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மறதி நோய் வந்திருந்து, நீங்களும் பொழுது சாய்ந்ததும் ஒரு கிளாஸ் மது எடுக்கிற ஆளாக இருந்தால், இதைக் கொஞ்சம் படியுங்கள். நான் டொக்டர் இல்லை, திருகோணமலையில் திருக்கடலூரில் படகு எஞ்சின் திருத்துகிறவன். அம்மா கடைசிக் காலத்தில் என்னைத் தன் அண்ணன் என்று நினைத்துப் பேசினார். பெரியம்மாவுக்கும் அதே வருத்தம். டொரன்டோவில் இருக்கிற தம்பி எச்சில் கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்தான். 'அப்போ ஈ4' என்ற வகையில் ஒரு பிரதி அவனுக்கு இருக்கிறதாம்.

ஒரு பிரதி இருந்தால் அல்சைமர், அதாவது மறதி நோயில் கூடுதலாக வரும் வகை, வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதி ஆகிவிட்டால் எட்டு மடங்கோ அதற்கு மேலோ. அப்படியிருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு. இது இல்லாமலே நோய் வந்தவர்களும் உண்டு. நான் பரிசோதனை செய்யவில்லை. தம்பிக்கு அம்மாவிடமிருந்து வந்திருந்தால் எனக்கும் வந்திருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடியைப் பற்றி முடிவெடுக்க எனக்கு அது போதும், உங்களுக்கும் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் வேலை, கணக்கு. "கொஞ்சம்தான் குடிக்கிறேன்" என்பது கணக்கு இல்லை. போத்தலில் மதுசாரம் எத்தனை வீதம் என்று போட்டிருக்கும். குடித்த மில்லிலீட்டரை அந்த வீதத்தால் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் வருவது பிரிட்டனில் பாவிக்கும் 'அலகு'. 33.5 வீதச் சாராயத்தில் 30 மில்லி ஒரு அலகு. கால் போத்தல், அதாவது 180 மில்லி, 6 அலகு. 750 மில்லி முழுப் போத்தல் 25 அலகு. 8.8 வீதம் என்று போட்ட 500 மில்லி பியர் டின் 4.4 அலகு, அதை 'வெறும் பியர்' என்று தள்ளிவிடாதீர்கள். கனடாவிலிருந்து வரும் சொந்தக்காரர் கொண்டுவரும் ஒரு லீட்டர் விஸ்கி 40 வீதம் என்றால் 40 அலகு. கள்ளுக்கு லேபல் இல்லை, இறக்கி வைத்த நேரம் போகப் போக வெறி கூடும், அதனால் கூட்டியே எழுதுங்கள். களவாகக் காய்ச்சும் கசிப்பு வேண்டவே வேண்டாம்.

வீட்டில் கண்ணளவாக ஊற்றாதீர்கள். பாணி மருந்தோடு வரும் அளவு மூடி இருக்குமே, அதால் அளந்து ஊற்றுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை அலகு என்று சுவர்க் கலண்டரில் எழுதுங்கள். நாளைக்கு போயா (பௌர்ணமி விடுமுறை), கடை பூட்டு என்று முதல் நாளே இரண்டு போத்தல் வாங்கி வைக்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அந்தக் கிழமைக் கணக்கைப் பார்த்தாலே விளங்கும்.

எவ்வளவுதான் குடிக்கலாம்? மறதி நோயைப் பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு, கிழமைக்கு 21 அலகுக்கு மேல் போவதை ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக வைத்தது. ஒரு முழுப் போத்தல் சாராயமே அதைத் தாண்டிவிடுகிறது. அதற்காக 21 வரை பயமில்லை என்று எடுக்காதீர்கள், முக்கியமாக நம்மைப் போன்றவர்கள். பின்லாந்தில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஈ4 உள்ளவர்களுக்குத்தான் குடி கூடக் கூட மறதி நோய் ஆபத்தும் கூடியது.

"கொஞ்சம் எடுத்தால் மூளைக்கு நல்லது" என்பார்கள். பழைய ஆய்வுகள் சிலவற்றில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் நோய் மெல்லத் தொடங்கும்போதே பலர் தாங்களாகக் குடியைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் குடிக்காதவர்கள் பக்கத்தில் நோயாளிகள் கூடிவிடுகிறார்கள், குடிக்கிறவர்கள் நலமாகத் தெரிகிறார்கள். 2025இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், மரபணு வழியாகப் பார்த்தபோது அந்த நன்மை தெரியவில்லை. ஆகவே ஒன்றும் குடிக்காமல் இருப்பதே நல்லது. முடியாவிட்டால், குடிக்காத நாட்களைக் கூட்டுங்கள், குடிக்கும் நாளில் இரண்டு அலகோடு நிறுத்துங்கள். இந்த இரண்டு நான் எனக்குப் போட்டுக்கொண்ட அளவு, மருத்துவ விதி இல்லை.

கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும்தான் கஷ்டம். போனவுடன் சோடாவில் தேசிக்காய் பிழிந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள், வெறுங்கையோடு நின்றால் யாராவது ஊற்றித் தருவார்கள். "ஒண்டுதானே மச்சான்" என்றால் நான் ஒளிக்காமல் சொல்வேன்: "அம்மான்ர வருத்தம் எனக்கும் வரக்கூடாது மச்சான்." அம்மாவைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு வற்புறுத்துவதில்லை. திரும்பும்போது மோட்டார் சைக்கிளைக் குடிக்காத ஒருவரிடம் கொடுங்கள், ஹெல்மெட் போடுங்கள். தலையில் அடிபடுவதும் மறதி நோய்க்கு ஒரு காரணி. பிறஷர், சுகர், காது கேளாமை ஆகியவையும் அப்படித்தான். எஞ்சின் சத்தத்தில் வேலை செய்கிறவர்கள் காதை மூடிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டொக்டரிடம் போக வேண்டும். நீண்ட காலம் குடித்தவர்களுக்கு விற்றமின் பி1 குறைந்து, அதாலேயே நினைவு கெடுவதுண்டு, அதையும் கேளுங்கள். நித்திரைக் குளிசை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். குடிக்கும் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தால், அலகு எழுதிய கலண்டரைக் கழற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.