எடுக்காத அழைப்புக்கும் காசு: வெளிநாடு போகிறவர்கள் செய்யும் தொலைபேசித் தவறுகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால், மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பயண முகவர் அலுவலகங்களுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்வது எங்களைப் போன்ற கைத்தொலைபேசிக் கடைகளில்தான். தமிழகக் கோவில்களுக்குச் செல்லும் குழுவினர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் பேருந்து ஏறும் இளைஞர்கள் என்று பலரும் வருகிறார்கள். விமானச் சீட்டில் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பிடிக்க இரவெல்லாம் விலை பார்த்தவர்கள், தொலைபேசி விஷயத்தில் மட்டும், "டாப் அப் கொஞ்சம் கூடவே போட்டுவிடுங்கள் அண்ணே" என்பதோடு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். ஊர் திரும்பியதும், காசெல்லாம் எங்கே போனது என்று கேட்க அதே கவுண்டருக்கு வருகிறார்கள். ஆட்கள்தாம் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை.

மின்னூட்டியை வீட்டில் மறந்து வைப்பது, இரண்டரை மணி நேர வித்தியாசத்தை மறந்து நடுச்சாமத்தில் வீட்டை எழுப்புவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவை. பெரிய இழப்பும் இல்லை.

'எடுக்காவிட்டால் காசு போகாது'

இந்த ஒரு வாக்கியத்தை ஒழித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. குழுவை அழைத்துச் செல்லும் தலைவர்களே விமான நிலையத்தில் வைத்து, "வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள், எடுத்தால்தான் காசு" என்று அறிவிக்கிறார்கள். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இத்தனை ஆண்டுகளாகச் செலாவணியில் இருக்கிறது.

உண்மையான பாதி இது. மலேசிய சிம் கார்டோடு இந்தியாவில் இருக்கும் உங்களை, உங்கள் மகள் சுங்கை சிப்புட்டிலிருந்து வழக்கமான எண்ணில் அழைக்கிறார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை என்பதால், அவருக்கு உள்ளூர்க் கட்டணம்தான். அந்த அழைப்பை மலேசியாவிலிருந்து இந்தியா வரை கொண்டுவந்து சேர்க்கும் செலவு உங்கள் தலையில் விழுகிறது. ஆகவே எடுத்துப் பேசினால் காசு என்பது சரி.

எடுக்காமல் விட்டால் என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பலருடைய எண்ணில், அவர்கள் கேட்டோ கேட்காமலோ, அழைத்தவர் சொல்வதைப் பதிந்து வைக்கும் குரல் அஞ்சல் வசதி இணைக்கப்பட்டிருக்கும். எடுக்கப்படாத அழைப்பைக் குரல் அஞ்சலுக்குத் திருப்பிவிடு என்பது அந்த இணைப்பில் பதிந்துள்ள கட்டளை. நீங்கள் மலேசியாவில் இருக்கும்வரை அதனால் ஒரு தொல்லையும் இல்லை. இந்தியாவில் இருக்கும்போதோ, அழைப்பு முதலில் இந்திய நிறுவனத்தின் கோபுரம் வரை வந்து மணியடிக்கிறது. நீங்கள் எடுக்காததால் அந்த நிறுவனம் கட்டளையைப் படித்துவிட்டு, அதே அழைப்பை மலேசியாவிலுள்ள குரல் அஞ்சல் எண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. கணக்குப்படி பார்த்தால், மலேசியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த அழைப்பு ஒன்று, இந்தியாவிலிருந்து மலேசியாவுக்கு நீங்கள் செய்ததாக எழுதப்படும் பன்னாட்டு அழைப்பு ஒன்று. இரண்டையும் உங்கள் கணக்கில் எழுத முடியும். உங்கள் மகள் குரல் அஞ்சலின் வரவேற்பு வாசகத்தைக் கேட்டு எரிச்சலோடு துண்டித்தாலும், நிமிடக் கணக்கில் வசூலிக்கும் நிறுவனத்துக்கு அந்தச் சில வினாடிகளும் ஒரு முழு நிமிடம்தான். இப்படி வசூலாகாமல் தடுத்து வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பது பில் வரும்போது தெரிந்து என்ன பயன்?

அருகிலுள்ள தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் திருச்செந்தூர் போய்வந்தார். தமிழகக் கோவில்களுக்குள் கைத்தொலைபேசி கொண்டுசெல்லக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டதிலிருந்து, வாசலிலேயே அதை ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இவரும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் அணைத்துவிட்டுக் கொடுக்கவில்லை. தரிசன வரிசையில் அவர் நின்ற நேரம் முழுவதும், மகள் பதற்றத்தில் விடாமல் அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மாதம் முடிந்து பில் வந்ததும் என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "தம்பி, நான் யார்கிட்டயும் பேசவே இல்ல. போனை வாங்கி வச்சவன் பேசிட்டானோ?"

பாவம், அந்தக் கோவில் ஊழியருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. பில்லை விரித்து விரல் வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு வரிகள். இரண்டிலும் ஒரே நேரம், ஒரே நிமிடக் கணக்கு. முதல் வரி உள்வந்த அழைப்பு, இரண்டாவது வரி 60 என்று தொடங்கும் மலேசிய எண்ணுக்குப் போன அழைப்பு. பக்கம் நிறைய இப்படி இரட்டை இரட்டையாக இருந்தது. அந்த மலேசிய எண் யாருடையது என்று அவருக்கு விளங்கவில்லை. அது அவருடைய குரல் அஞ்சலின் எண். நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டபோது, "உங்கள் இணைப்பில் பதிந்துள்ள வசதிதானே" என்ற பதிலோடு முடித்துக்கொண்டார்கள். கேட்காத வசதியைத் தாங்களே இணைத்துவிட்டு, வெளிநாட்டில் அதற்குக் காசு வாங்கும் இந்த வழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. வெளிநாட்டிலும் நம் எண் வேலை செய்யும் ரோமிங் வசதியைத் திறந்துவிடும்போது அழைப்புத் திருப்பத்தை நீக்கவா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

சரிசெய்வது எளிது. புறப்படுவதற்கு முன், மலேசியாவில் இருக்கும்போதே, ##002# என்று அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். இணைப்பில் உள்ள எல்லா அழைப்புத் திருப்பங்களும் நீங்கிவிடும். நீங்கியதா என்று பார்க்க *#61#, *#62#, *#67# ஆகியவற்றை ஒவ்வொன்றாக அடியுங்கள். முதலாவது எடுக்காதபோதும், இரண்டாவது தொடர்பு கிடைக்காதபோதும், மூன்றாவது வேறு அழைப்பில் இருக்கும்போதும் நடக்கும் திருப்பத்தைக் காட்டும். தவறிய அழைப்பைக் குறுஞ்செய்தியில் தெரிவிக்கும் சேவைகள் சிலவும் இதே திருப்பத்தில்தான் ஓடுகின்றன என்பதால், அவையும் இதோடு நிற்கலாம். ஊர் திரும்பியதும் மீண்டும் இணைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கோவில் கவுண்டரில் கொடுப்பதற்கு முன் முறையாக அணைத்துவிட்டால், நீங்கள் தொடர்பில் இல்லை என்ற தகவல் வலையமைப்புக்குப் போய்விடுகிறது; அழைப்பு பெரும்பாலும் மலேசியாவிலேயே நின்றுவிடும். ஆனால் பேட்டரி தானாகத் தீர்ந்து போனாலோ, மலைப்பாதையில் சிக்னல் திடீரென்று அறுந்தாலோ, நீங்கள் இன்னும் இருப்பதாகவே வலையமைப்பு சிறிது நேரம் நம்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வரும் அழைப்பு இந்தியா வரை போய்த்தான் திரும்பும்.

முன்கட்டணக்காரர்கள், "எனக்கு பில்லே கிடையாது" என்று நிம்மதியாக இருப்பார்கள். அவர்களுக்கு மிச்சத் தொகை சத்தமில்லாமல் கரைந்து, அவசரத்துக்குப் பேச வேண்டிய நாளில் பூஜ்யத்தில் வந்து நிற்கும்.

டேட்டா ரோமிங்கை அடைத்தால் எல்லாம் அடைபட்டதாக எண்ணுவது

அது இணையத்தை மட்டுமே அடைக்கிறது. குரல் அழைப்பு தனி. வெளிநாட்டில் இருக்கும்போது உள்வரும் அழைப்புகளைத் தடுக்கும் வசதி, ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகள் பலவற்றில் அழைப்புத் தடை அமைப்புக்குள் இருக்கிறது. உங்கள் நிறுவனம் அதை அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை என்பதால், மலேசிய எண்ணை அதற்காக மட்டும் உயிரோடு வைத்திருக்கலாம்.

எண்களை 012 என்றே சேமித்து வைப்பது

வெளிநாட்டிலிருந்து அழைக்க நாட்டு எண்ணும் வேண்டும் என்பதால் +60 12 என்று மாற்றுங்கள். அது ஊரிலும் வேலை செய்யும்.

இறங்கியவுடன் இந்திய சிம் கிடைத்துவிடும் என்று நம்புவது

இங்கே கடைக்குள் நுழைந்து அடையாள அட்டையைக் காட்டி ஐந்து நிமிடத்தில் சிம் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தியாவின் நடைமுறை பொறுமையைச் சோதிக்கும். வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டு, விசா, புகைப்படம் எல்லாம் வேண்டும். வாங்கிய பிறகும் இணைப்பு உயிர்பெறச் சில மணி நேரம் ஆகலாம், மறுநாள் வரையிலும் இழுக்கலாம். விமான நிலைய வைஃபை இருக்கிறதே என்றால், அதில் நுழைய கைத்தொலைபேசிக்கு வரும் கடவு எண்ணைக் கேட்கும். வெளிநாட்டு எண்ணுக்கு அது வராமலே போவதுண்டு. "வந்து சேர்ந்துவிட்டோம்" என்று வீட்டுக்குச் சொல்லும் முதல் அழைப்புக்காக, முதல் நாளுக்கு மட்டுமாவது மலேசிய எண்ணில் ஒரு ரோமிங் பாஸ் (குறித்த காலத்துக்கான வெளிநாட்டுப் பயன்பாட்டுத் திட்டம்) எடுத்துக்கொண்டு போவது வீண் செலவு ஆகாது.

இந்திய முன்கட்டணத் திட்டங்களில் அளவற்ற அழைப்பு என்று எழுதியிருப்பது இந்தியாவுக்குள் பேசுவதற்கு மட்டும். மலேசியாவுக்குப் பேச வேண்டுமானால் பன்னாட்டு அழைப்புக்கான தனித் திட்டம் போட வேண்டும். டேட்டாவை வைத்துக்கொண்டு வாட்ஸ்ஆப் என்னும் புலனத்தில் பேசுகிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை. புலனக் குரல் அழைப்பு ஒரு நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். காணொளி அழைப்பு அதைப்போல் பல மடங்கு எடுக்கும். சிக்னல் மெலிந்த ஊர்களில், அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்ற தெரிவைப் புலனத்தின் அமைப்பில் போட்டுவிடுங்கள். எடுத்த படங்களை மேகச் சேமிப்புக்குத் தானாக ஏற்றும் வசதியையும் நிறுத்துங்கள். பாஸைத் தின்பது பேச்சைவிட அதுதான்.

புது சிம் போட்டதும் புலனத்தின் எண்ணையும் மாற்றுவது

மாற்றாதீர்கள். பழைய எண்ணிலேயே ஓடும்.

பேசப்போகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று பாராதது

புலனம் இருக்கிறது என்று கிளம்பிப் போனவர், வீட்டில் அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன் என்பதைத் திருச்சியில் இறங்கிய பிறகுதான் நினைத்துப் பார்க்கிறார். புலனத்திலிருந்து சாதாரண எண்ணுக்கோ வீட்டுத் தொலைபேசிக்கோ அழைக்க முடியாது. பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசியில் பேசலாம் என்றால், பிள்ளை ஈப்போவில் வகுப்பில் இருக்கும்.

இதற்கு மலிவான வழி, அழைப்பின் திசையை மாற்றுவதுதான். இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பைப் பெறுவதற்கு இந்தியாவில் காசு கிடையாது. இந்தியத் தொழிலாளர்களை நம்பிப் பிழைக்கும் முன்கட்டண நிறுவனங்கள் சில, மலேசியாவிலிருந்து இந்தியாவுக்குப் பேசும் கட்டணத்தைக் குறைத்தே வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட சிம் ஒன்றை அம்மாவின் பொத்தான் போனில் போட்டு, உங்கள் இந்திய எண் கிடைத்ததும், பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு 0091 சேர்த்து ஒரே பொத்தானில் பதிய வையுங்கள். இரண்டாம் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மகன் பேசுவான் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் எந்த அம்மாவும் கற்றுக்கொள்வார்.

அழைப்பு உங்கள் பக்கமிருந்துதான் போக வேண்டுமென்றால், வைபர் அவுட் போன்ற செயலியில் சிறு தொகை போட்டுக்கொண்டு, இணையம் வழியாக வீட்டுத் தொலைபேசிக்கே பேசலாம். எண்ணை +60 5 என்று தொடங்க வேண்டும். 05 என்று அடித்தால் போகாது.

ஸ்கைப்பை நம்பிப் புறப்படுவது

2025 மே 5-ஆம் தேதியோடு அது மூடப்பட்டுவிட்டது.

ஒரு நாள் பாஸின் நாள் எப்போது முடிகிறது என்று கேளாதது

சில பாஸ்கள் தொடங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஓடும். மலேசிய நள்ளிரவோடு முடியும் பாஸாக இருந்தால், இந்தியாவில் அப்போது இரவு 9.30. சாப்பிட்டு முடித்து ஆற அமர வீட்டுக்குப் பேச உட்காரும் நேரத்தில் அடுத்த நாள் கணக்கு தொடங்கியிருக்கும். அதோடு, பாஸ் டேட்டாவுக்கு மட்டுமா, குரலும் சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லா நாட்டிலும் புலனம் பேசும் என்று எண்ணுவது

ஐக்கிய அரபு சிற்றரசுகளில் புலனத்தில் எழுதலாம், பேச முடியாது. துபாயில் இருப்பவர்கள் அங்கே அனுமதிக்கப்பட்ட போட்டிம் போன்ற செயலியில் பேசுகிறார்கள். வீட்டிலிருப்பவரின் கைத்தொலைபேசியிலும் அதை முன்கூட்டியே ஏற்றிவிட வேண்டும். சீனாவில் புலனமே திறக்காது. ஆனால் மலேசிய சிம்மின் ரோமிங் டேட்டா வழக்கமாக மலேசியா வழியாகவே இணையத்துக்குச் செல்வதால், அதில் திறக்கும். விடுதி வைஃபையில் திறக்கவில்லையே என்று திகைப்பவர்கள் வைஃபையை அணைத்துப் பார்க்கட்டும்.

கப்பலில் விமானப் பயன்முறையைப் போடாமல் இருப்பது

கடலுக்குள் போனதும் கைத்தொலைபேசி பிடித்துக்கொள்வது கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பை. அதன் கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும்.

இசிம்மை இறங்கிய பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது

அட்டை இல்லாமல் மென்பொருளாக ஏறும் சிம்தான் இசிம். அதைக் கைத்தொலைபேசியில் ஏற்றுவதற்கே இணையம் வேண்டும் என்பதால், வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள். ஒருமுறை ஏற்றியதை அழித்தால் பல விற்பனையாளர்களிடம் திரும்பக் கிடைக்காது. பயண இசிம் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான்; அதற்கென்று பேசும் எண் இருக்காது.

பழைய போனோடு சிங்கப்பூர் போவது

நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் 3ஜி வலையமைப்பு மூடப்பட்டபோதும் அதற்கு முந்திய 2ஜி தொடர்ந்ததால், பழைய பொத்தான் போன்கள் இங்கே பிழைத்துக்கொண்டன. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜி நின்றுவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜியும் போய்விட்டது. தாத்தாவின் பொத்தான் போன் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் சிக்னல் இல்லாத வெறும் கடிகாரமாகிவிடும். எவ்வளவு டாப் அப் போட்டாலும் பயனில்லை. 4ஜியில் பேசக்கூடிய பொத்தான் போன்கள் இப்போது குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. வாங்கும்போது அதில் வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும்) வசதி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நிறுவனம் அதை ரோமிங்கிலும் தருகிறதா என்பதையும் புறப்படுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.