பி.டி.டி. பட்டன் மக்கர் செய்கிறதா? முதலில் மைக்கைப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் கோடைக் காற்றில் செம்மண் தூசி எதையும் விட்டுவைக்காது, ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) மைக்கையும்தான். மைக்கில் உள்ள பி.டி.டி. (புஷ்-டு-டாக், அதாவது அழுத்திப் பேசும்) பட்டனை அழுத்தியும் செட் டிரான்ஸ்மிட்டுக்குப் போகவில்லை என்றால், செட்டைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்.

பெரும்பாலான செட்களில், பி.டி.டி. கம்பியில் செட்டே சில வோல்ட் வைத்திருக்கும். பட்டனை அழுத்தினால் அந்தக் கம்பி கிரவுண்டோடு சேரும், வோல்டேஜ் இறங்கும். அதை உணர்ந்ததும் செட் ரிசீவரை அடக்கிவிட்டு, ரிலே அல்லது PIN டயோடு என்னும் மின் சுவிட்ச் மூலம் ஆன்டெனாவை டிரான்ஸ்மிட்டர் பக்கம் திருப்பிவிடும். இதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால்தான் அழுத்தி அரை நொடி கழித்துப் பேசச் சொல்கிறோம். இல்லாவிட்டால் கால்சைனின் (உங்கள் நிலையத்தின் அடையாளக் குறியீடு) முதல் எழுத்தே காணாமல் போகும்.

சரி, சோதிப்பது எப்படி? மைக்கைக் கழற்றி, மல்டிமீட்டரைப் பீப் ஒலி நிலையில் வைத்து, மேனுவலில் பார்த்து மைக் பிளக்கின் பி.டி.டி., கிரவுண்ட் பின்களைத் தொடுங்கள். சாதாரண சுவிட்ச் உள்ள மைக் என்றால், அழுத்தினால் பீப் வர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். அழுத்தியபடியே சுருள் வயரை அசைத்துப் பாருங்கள். பீப் விட்டுவிட்டு வந்தால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. நான் பார்த்தவரை பிளக்கை ஒட்டித்தான் அறுகிறது. பீப் வரவே இல்லையா? சுவிட்ச் காண்டாக்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள்.

பட்டனை விட்ட பிறகும் பீப் நிற்காவிட்டால் அந்த மைக்கைச் செட்டில் மாட்டவே மாட்டாதீர்கள். செட் ஓயாமல் டிரான்ஸ்மிட் செய்து சூடேறும், அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது.