வெளிநாட்டு இணைய மருந்துக்கடையில் வாங்குமுன்

மருந்துச் சீட்டில் பிராண்டு பெயர் மட்டும் இருந்தால், மூலப்பெயரையும் (மருந்தின் பொதுப்பெயர்) மில்லிகிராமையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் 500 சாதாரண மாத்திரை வேறு, மெதுவாகக் கரையும் எக்ஸ்ஆர் வேறு. தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். சிங்கப்பூருக்குள் தருவிக்கும்போது, சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவைத் தாண்டக்கூடாது: நாளுக்கு இரண்டென்றால் சுமார் 180 மாத்திரை. கோடீன் (வலி, இருமல் மருந்து), டயஸெபாம் (பதற்றம் தணிக்கும் மருந்து) வகைகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும். அஞ்சலில் தருவிக்க என்ன நிபந்தனை என்றும் அங்கேயே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சீட்டே கேட்காமல் விற்கும் தளமா? மூடிவிடுங்கள். இன்சுலின் வேண்டவே வேண்டாம். 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி கூரியர் பையில் நிற்காது. பொட்டலம் வந்ததும் மாத்திரை அட்டையின் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

விலையோடு அனுப்பும் செலவையும் 9% பொருள் சேவை வரியையும் கூட்டிப் பாருங்கள். பலதுறை மருந்தகத்து (பாலிகிளினிக்) மானிய விலை பல சமயம் அதைவிடக் குறைவு.